கிறிஸ்தவர்கள் யூதப் பண்டிகைகளைக் கொண்டாட வேண்டுமா? நாசரேத் பக்கத்து ஒரு பழைய கதை

2024 அக்டோபரில் மானகிரியில் எங்கள் சித்தி வீட்டு மொட்டைமாடியில் ஒரு தென்னங்கீற்றுக் குடில் எழும்பியது. "என்னம்மா, காதுகுத்தா?" என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். சித்திக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. குடில் கட்டியது அவர் மகன், எனக்குத் தம்பி. "கூடாரப் பண்டிகை அண்ணே. லேவியராகமம் 23. ஏழு நாள் குடில்ல தங்கணும்" என்றான்.

அந்த வருடம் பண்டிகை அக்டோபர் 16 மாலை தொடங்கியது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியது அதற்கு முந்தின நாள். இரண்டாம் ராத்திரியே கீற்று ஒழுகி, பாய் தலையணையோடு பிள்ளைகள் கீழே ஓடி வந்துவிட்டார்கள். தம்பிக்கு மனசு ஆறவில்லை. கட்டளையை மீறிவிட்டோமோ என்று இரண்டு நாள் முகம் வாடிக் கிடந்தான்.

நான் அவனுக்கு ஆறுதலாக ஒரு தகவல் சொன்னேன். யூத ரபிமார்களின் சட்டத் தொகுப்பான மிஷ்னாவிலேயே இதற்கு விதி உண்டு: கிண்ணத்தில் இருக்கிற கஞ்சி கெட்டுப்போகிற அளவுக்கு மழை பெய்தால் குடிலை விட்டு எழுந்து போகலாம். அவன் சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். "அது மனுஷக் கட்டளை அண்ணே, நாங்க தோராவை மட்டும்தான் பார்ப்போம்" என்றான்.

இந்தக் கட்டுரை அங்கேதான் தொடங்கியது. குடிலோடு போயிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். அந்த டிசம்பர் 25 அன்று அவன் அம்மா வீட்டுக்கு வரவில்லை. கிறிஸ்துமஸ் புறஜாதிப் பண்டிகையாம். மறுநாள் வந்தான், ஆனால் சித்தி வைத்த நண்டு ரசத்தைத் தொடவில்லை. செதிலும் துடுப்பும் இல்லாத நீர்வாழ் உயிரினம் ஆகாது என்பது லேவியராகமம் 11. சித்தி ஒன்றும் சொல்லாமல் சட்டியை மூடி வைத்தார். நாற்பது வருடமாக அவன் விரும்பிச் சாப்பிட்ட ரசம் அது.

நான் இறையியல் படித்தவன் இல்லை. பி.இ. முடித்து மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். எபிரேயம் எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுதான். ஆனால் இந்தக் கேள்வியை நம் ஆட்கள் 1857-லேயே கேட்டு, பதிலும் எழுதி, அதன்படி வாழ்ந்தும் பார்த்திருக்கிறார்கள். அதைச் சொல்லாமல் இந்த விவாதம் முழுமை அடையாது என்பதால் எழுதுகிறேன்.

முதலில், அவர்கள் பக்க நியாயம்

தம்பி போகிற கூட்டத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. யூடியூபில் இதே வாதங்களைப் பலரும் பேசுகிறார்கள். அதில் பாதி உண்மை.

இயேசு யூதர். அவர் கொண்டாடியது பஸ்கா, கிறிஸ்துமஸ் அல்ல. நியாயப்பிரமாணத்தை அழிக்க வரவில்லை என்று அவரே சொன்னதாக மத்தேயு எழுதியிருக்கிறார். பவுல் பெந்தெகொஸ்தே நாளுக்கு எருசலேம் போய்ச்சேர அவசரப்பட்டார் (அப்போஸ்தலர் 20). தேவாலயத்தில் சுத்திகரிப்புச் சடங்கும் செய்தார் (அப்போஸ்தலர் 21). வருங்காலத்தில் எல்லா ஜாதிகளும் கூடாரப் பண்டிகைக்கு வருவார்கள் என்று சகரியா 14 சொல்கிறது. இதெல்லாம் இருக்கிறது, மறுக்க முடியாது.

வரலாறும் அவர்களுக்குக் கொஞ்சம் துணை. சின்ன ஆசியாவின் சபைகள் 2ஆம் நூற்றாண்டில் யூதர்களோடு சேர்ந்து நிசான் 14-ஆம் தேதியே பஸ்கா அனுசரித்தன. சுமார் 190-ல் ரோமின் விக்டர் அவர்களை விலக்கப் பார்த்தார், ஐரேனியு சமாதானம் பேசினார். 4ஆம் நூற்றாண்டில் லவோதிக்கேயா சங்கம், சனிக்கிழமை ஓய்ந்திருந்து யூதரைப்போல் நடக்கக்கூடாது என்று விதி போட்டது. தடை போட்டார்கள் என்றாலே நிறையப் பேர் செய்துகொண்டிருந்தார்கள் என்றுதானே அர்த்தம்? எத்தியோப்பிய மரபுவழித் திருச்சபை இன்றும் சனிக்கிழமையை மதிக்கிறது, விருத்தசேதனமும் செய்கிறது.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லணும். யூதப் பழக்கங்களுக்கு எதிராகச் சபைத் தலைவர்கள் பேசியதில் ஒரு பகுதி வெறும் வெறுப்பு. 386-387-ல் அந்தியோகியாவில் யோவான் கிறிசோஸ்தோம் செய்த பிரசங்கங்களைப் படித்தால் கூசும். பிற்காலத்தில் நாஜிகள் அவற்றைப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஆக, "யூதப் பண்டிகையா, சீச்சீ" என்கிற பதில் எனக்கு வேண்டாம்.

என் விமர்சனம் வேறு இடத்தில்.

காலண்டர் கணக்கு

தொழில் புத்தி, எதையும் புரோகிராம் எழுதிப் பார்த்தால்தான் எனக்குப் புரியும். எபிரேய காலண்டருக்கு ஒரு சின்ன நிரல் எழுதினேன். 19 வருடத்துக்கு 7 அதிக மாதம், மொத்தம் 235 மாதம். இதுவரை சுலபம். அதற்குமேல் ஒத்திவைப்பு விதிகள் வருகின்றன. வருடப் பிறப்பு ஞாயிறு, புதன், வெள்ளியில் வரக்கூடாது. வந்தால் ஒரு நாள் தள்ளிப் போடு.

இந்த விதிகள் தோராவில் எங்கே? எங்கேயும் இல்லை. இன்றைய கணித காலண்டரை யூத மரபு இரண்டாம் ஹில்லேல் என்கிற தலைவரோடு, 4ஆம் நூற்றாண்டோடு இணைக்கிறது. ரபிமார் மரபை ஏற்காத யூதர்களான காராயிமர்கள், பிறை கண்ணில் படுவதையும், வாற்கோதுமைக் கதிர் விளைந்ததா என்பதையும் பார்த்து மாதம் குறிப்பவர்கள். இரண்டு முறையில் சில வருடம் பண்டிகை ஒரு மாதமே தள்ளிப் போகும்.

தம்பியிடம் கேட்டேன்: "நீ எதைப் பார்த்து அக்டோபர் 16-னு முடிவு பண்ணின?" "ஆப்ல போட்டிருந்தது." அந்த ஆப் காட்டுவது ரபிமார் காலண்டர். மழைக்கு மிஷ்னா வேண்டாம், தேதிக்கு மட்டும் வேண்டும் என்றால் எப்படி?

இது குத்திக்காட்டுவதற்காகச் சொன்னதல்ல. "தோராவை அப்படியே கைக்கொள்கிறோம்" என்று யாராலும் சொல்ல முடியாது என்பதற்கான சின்ன உதாரணம். பஸ்கா ஆட்டை எருசலேமில்தான் அடிக்க வேண்டும், வருடத்தில் மூன்று முறை ஆண்கள் அங்கே போய் நிற்க வேண்டும் என்பது உபாகமம் 16. கி.பி. 70-ல் ஆலயம் போய்விட்டது. அதன்பிறகு யூதர்கள் என்ன செய்வது என்று தலைமுறை தலைமுறையாக யோசித்து, வாதாடி, உருவாக்கியதுதான் இன்றைய யூதப் பண்டிகை. பஸ்கா இரவின் நான்கு கிண்ணம் திராட்சரசம் சுமார் கி.பி. 200-ல் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில் இருக்கிறது, யாத்திராகமத்தில் இல்லை. "இயேசு செய்த மாதிரியே செய்கிறோம்" என்று அந்த நான்கு கிண்ணத்தை வைக்கிறவர்கள், ஆலயம் இழந்த ஒரு ஜனம் தன் துக்கத்திலிருந்து கட்டியதை எடுத்துக்கொண்டு, கட்டியவரின் பெயரை அழித்துவிடுகிறார்கள்.

எக்காளமும் அப்படித்தான். தம்பியின் கூட்டத்தில் சனிக்கிழமைதோறும் ஆட்டுக்கொம்பு ஊதுகிறார்கள். யூதர்கள் ஓய்வுநாளில் ஊதுவதில்லை. 2023-ல் அவர்கள் வருடப் பிறப்பு செப்டம்பர் 16, சனிக்கிழமை வந்தது. எக்காளத்துக்கென்றே இருக்கிற அந்த நாளில்கூட, ஓய்வுநாள் என்பதால் பெரும்பாலான ஜெப ஆலயங்களில் ஊதவில்லை, மறுநாள்தான் ஊதினார்கள்.

மழையையும் கவனியுங்கள். இஸ்ரவேல் தேசத்தில் கூடாரப் பண்டிகை, கோடை முழுக்க ஒரு சொட்டு இல்லாமல் காய்ந்த பிறகு அறுப்பெல்லாம் முடிந்து வருவது. பண்டிகை முடிவில்தான் மழைக்கு ஜெபம் செய்வார்கள். நமக்கு அது புரட்டாசிக் கடைசி, ஐப்பசித் தொடக்கம். சிவகங்கைச் சீமையில் கண்மாய் நிரம்பக் காத்திருக்கிற காலம். நம் அறுப்பு தை மாதம். அந்த மண்ணுக்கு அந்தப் பண்டிகை எவ்வளவு பொருத்தமோ, அவ்வளவு இந்த மண்ணுக்குப் பொருந்தவில்லை.

'புறஜாதிப் பழக்கம்' என்கிற வாதம்

கிறிஸ்துமஸ், ஈஸ்டர், பொங்கல், கோலம் எல்லாம் புறஜாதிகளிடமிருந்து வந்தவை, ஆகவே தீட்டு என்பது அடுத்த வாதம். ஒரு வழக்கம் எங்கே பிறந்தது என்று பார்த்துத் தள்ளுவதாக இருந்தால் எபிரேய காலண்டரையே தள்ள வேண்டும். நிசான், தம்மூஸ் போன்ற மாதப் பெயர்கள் சிறையிருப்புக் காலத்தில் பாபிலோனிலிருந்து வந்தவை. தம்மூஸ் யார்? எசேக்கியேல் 8-ல் ஆலய வாசலில் உட்கார்ந்து பெண்கள் அழுகிறார்களே, அந்த பாபிலோனியத் தெய்வம். அந்தப் பெயரை மாதத்துக்கு வைத்துக்கொண்டே யூதர்கள் ஏக தெய்வத்தை வணங்கி வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது இடறலாகவில்லை.

நம்முடைய அறுப்பின் பண்டிகையையே எடுத்துக்கொள்ளுங்கள். காணிக்கையாக வரும் பூசணிக்காயும் சேவலும் ஏலம் போவது அவ்வளவு நம்மூர் விஷயமாகத் தெரியும். ஆங்கிலிக்கன் சபைகளில் இன்றைய வடிவில் இதைத் தொடங்கி வைத்தவர் என்று சொல்லப்படுபவர் ராபர்ட் ஹாக்கர், இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், 1843-ல். அங்கே தொடங்கியது இங்கே நம்மூர்க்காரன் ஆகிவிட்டது. பண்டிகைகள் இப்படித்தான் நடமாடும்.

1857, நாசரேத்

இப்போது பழைய கதை. எங்கள் தாத்தா காரைக்குடிப் பக்கம் மளிகைக் கடை வைக்க வந்தவர். சொந்த ஊர் நாசரேத் அருகில், இன்றைய தூத்துக்குடி மாவட்டம். அங்கிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறது பிரகாசபுரம், பழைய பெயர் மூக்குப்பீறி.

19ஆம் நூற்றாண்டில் நாசரேத் எஸ்.பி.ஜி. மிஷனின் கையில் இருந்தது. அங்கே கேமரர் என்கிற மிஷனரியின் கீழ் வேலை பார்த்தவர் அருமைநாயகம். சட்டாம்பிள்ளை என்றால்தான் ஊருக்குத் தெரியும். கெட்டிக்காரர், எபிரேயமும் கிரேக்கமும் கற்றவர். மிஷனரியோடு மனக்கசப்பு வந்து வேலை போயிற்று. சென்னைக்குப் போன இடத்தில் ஒரு புத்தகம் அவர் கண்ணில் பட்டது: ராபர்ட் கால்டுவெல் 1849-ல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'தின்னவேலி ஷானார்ஸ்'. நாடார் சமூகத்தைப் பற்றி, அவர்களுடைய சமயம், ஒழுக்கம், தோற்றம் பற்றி மிக இழிவாகப் பேசிய நூல். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் தந்த அதே கால்டுவெல்தான். தன்னை நம்பி ஞானஸ்நானம் வாங்கிய ஜனத்தைப் பற்றி, இங்கிலாந்தில் காணிக்கை கொடுப்பவர்கள் படிப்பதற்காக அப்படி எழுதினார்.

சட்டாம்பிள்ளை ஊர் திரும்பினார். 1857-ல் மூக்குப்பீறியில் மிஷனிலிருந்து பிரிந்தவர்களோடு தனிச் சபை கண்டார். இந்து கிறிஸ்தவ சபை, ஏக இரட்சகர் சபை, நாட்டுச் சபை என்று பல பெயர்களில் அது அறியப்பட்டது. ஐரோப்பிய வாசனை அடிக்கிற எதுவும் வேண்டாம் என்பது கொள்கை. பட்டம் பெற்ற குருமார் வேண்டாம். குழந்தை ஞானஸ்நானம் வேண்டாம். நற்கருணைக்குப் புளித்த ஒயின் வேண்டாம், பிழிந்த திராட்சச் சாறு போதும். ஞாயிறு வேண்டாம், சனிக்கிழமையே ஓய்வுநாள். பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகள், சாம்பிராணி, சாஷ்டாங்கம், சுத்த அசுத்த விதிகள் எல்லாம் உள்ளே வந்தன.

இங்கே அவர் செய்த காரியத்தின் சூட்சுமத்தைக் கவனிக்கணும். மிஷனரியை எதிர்த்தார், பைபிளை விடவில்லை. பைபிள் கிழக்கத்திய நூல், அதன் ஆதிச் சடங்குகள் நம் வழக்கங்களுக்கு நெருக்கமானவை, நடுவில் வெள்ளைக்காரன் போட்ட சட்டையைக் கழற்றினால் போதும் என்பது அவர் வாதத்தின் சாரம். சாம்பிராணியும், தரையில் விழுந்து வணங்குவதும், முதற்பலன் படைப்பதும் அந்தக் கிராமத்துக்குப் புதுசா என்ன? தோராவைக் காட்டி, பறிபோன தன் பழக்கங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இந்தியக் கிறிஸ்தவத்தில் சுயாதீன சபை இயக்கங்களின் முன்னோடிகளில் ஒருவராக வரலாற்றாசிரியர்கள் அவரைக் குறிப்பிடுவது இதனால்தான். 1918 வரை வாழ்ந்தார். 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஏழாம்நாள் அட்வென்டிஸ்ட் சபை தமிழ்நாட்டில் காலூன்றிய முதல் இடங்களில் ஒன்று இதே பிரகாசபுரம். சனிக்கிழமை அங்கே ஏற்கெனவே பழகியிருந்தது.

ஆனால் அவரைக் கும்பிட்டுவிட்டுப் போய்விட முடியாது. அந்தச் சபை கடைசிவரை பெரும்பாலும் ஒரே சாதிக்குள் நின்றது. லேவியராகமத்தின் தீட்டு விதிகள், ஊரில் ஏற்கெனவே இருந்த தீட்டுக்கு வேத வசனத் துணை ஆயின. அதன் பாரம் பெண்கள் தலையில்தான் இறங்கியிருக்கும். ஒரு ஜனத்தை மற்ற ஜனங்களிலிருந்து பிரித்துக் காப்பதற்காக வந்த சட்டம் தோரா. சாதி உள்ள ஊரில் அதை நட்டால் வேலிக்குத்தான் முதலில் உரம் போகும்.

அதே சடங்கு, எதிர்த்திசை

சட்டாம்பிள்ளையையும் என் தம்பியின் கூட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவருக்கும் சனிக்கிழமை, இருவருக்கும் லேவியராகமம் 23.

அவர் இரவல் சட்டையைக் கழற்றத் தோராவை எடுத்தார். இவர்கள் சொந்தச் சட்டையைக் கழற்ற எடுக்கிறார்கள். அவர் எபிரேயம் கற்று, மூலத்தோடு மல்லுக்கட்டி, தன் ஊருக்கு ஏற்றபடி ஒரு வழிபாட்டைத் தானே அமைத்தார். இவர்களுக்குக் கொம்பும் சால்வையும் ஏழுகிளை விளக்கும் பார்சலில் வருகின்றன, விளக்கவுரை பெரும்பாலும் அமெரிக்க வீடியோக்களின் தமிழாக்கமாக வருகிறது. அவர் ஒதுக்கியது தன்னை இழிவுபடுத்தியவரின் பழக்கத்தை. இவர்கள் ஒதுக்குவது சித்தியின் பொங்கல் பானையை, ஸ்டார் விளக்கை, நண்டு ரசத்தை.

கொள்கையைக் கடைசிவரை கொண்டுபோனவர்களும் உண்டு. மிசோரம், மணிப்பூரின் பினே மெனாஷே மக்களில் பலர் கிறிஸ்தவத்தை விட்டே யூதர்களானார்கள். 2005-ல் இஸ்ரவேலின் செபார்திய தலைமை ரபி ஷ்லோமோ அமார் அவர்களை இஸ்ரவேலின் வம்சமாக ஏற்றார். பிறகும் முறைப்படி மதம் மாறித்தான் அங்கே குடியேறினார்கள். அது ஒரு முழு முடிவு, அதன் விலையையும் கொடுத்தார்கள். நடுவில் நின்றுகொண்டு, சுலபமானதை மட்டும் எடுத்து, அதைச் செய்யாதவன் அரைக் கிறிஸ்தவன் என்று சொல்வதுதான் எனக்குப் புரியவில்லை.

அந்தியோகியாவின் பந்தி

சரி, வேண்டுமா வேண்டாமா?

இந்தக் கேள்விக்காகவே கூடிய கூட்டம் அப்போஸ்தலர் 15. யூதரல்லாத விசுவாசிகள் மோசேயின் பிரமாணத்தைச் சுமக்க வேண்டுமா? வேண்டாம் என்று முடிவாயிற்று. விக்கிரகத்துக்குப் படைத்தது, வேசித்தனம், நெருக்குண்டு செத்தது, இரத்தம் என்று நான்கை மட்டும் விலக்கச் சொன்னார்கள். நான்கில் மூன்று சாப்பாட்டு விஷயம் என்பதைக் கவனியுங்கள். யூதனும் யூதனல்லாதவனும் ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அதற்குக் குறைந்தபட்சம் என்ன வேண்டும் என்கிற கவலை அதில் தெரிகிறது.

கலாத்தியர் 2-ல் அந்தியோகியாவில் நடந்ததும் சாப்பாட்டுச் சண்டைதான். மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் மெல்ல ஒதுங்கினார். பவுல் எல்லார் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தார். யூத உணவுமுறையைப் பவுல் வெறுத்தார் என்பதல்ல. தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் செய்துவைத்தவர் அவரேதான். தீத்துவுக்குச் செய்ய வேண்டும் என்று நெருக்கியபோதுதான் முடியாது என்றார். ஒருவன் விரும்பி நாளை அனுசரித்தால் கர்த்தருக்கென்று அனுசரிக்கட்டும் என்பது ரோமர் 14. பண்டிகை, அமாவாசை, ஓய்வுநாளை வைத்து ஒருவரும் உங்களைக் குற்றப்படுத்த வேண்டாம் என்பது கொலோசெயர் 2. இரண்டையும் சேர்த்துப் படித்தால், கொண்டாடத் தடையில்லை, கட்டாயமாக்கத்தான் தடை.

ஆக என் முடிவு இதுதான். தம்பியின் சனிக்கிழமை ஓய்வைப் பற்றி எனக்குப் புகாரே இல்லை. வாரத்தில் ஒரு நாள் போனை அணைத்துவிட்டுப் பிள்ளைகளோடு உட்காருகிறான், என்னால் அது முடியவில்லை. குடிலும் கட்டட்டும். ரபிமாரிடமிருந்து வாங்கியதை ரபிமாரிடமிருந்து வாங்கியது என்று சொல்லட்டும். ஆனால் ஒரு பண்டிகையை அளக்க என்னிடம் இருக்கிற ஒரே முழக்கோல் அந்தியோகியாவின் பந்திதான். அதைக் கொண்டாடத் தொடங்கிய பிறகு நம்மோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் கூடினார்களா, குறைந்தார்களா? சட்டாம்பிள்ளையின் சபைக்கும் இந்தக் கேள்வியை வைக்கலாம். தன் ஜனத்துக்குத் தலைநிமிர்ந்து உட்கார ஓர் இடம் கொடுத்தார், பக்கத்துத் தெருவுக்குக் கொடுக்கவில்லை. பாதி மதிப்பெண். ஞாயிறு ஆராதனை முடிந்து தெருவாரியாகப் பிரிந்துபோகிற நம் சபைகளுக்கும் இதே கேள்வி உண்டு, நமக்கும் முழு மதிப்பெண் கிடைக்காது.

இதையெல்லாம் ஒரு நாள் ராத்திரி அதே மொட்டைமாடியில் தம்பியிடம் சொன்னேன். சட்டாம்பிள்ளை கதையை ஆர்வமாகக் கேட்டான். தாத்தா ஊருக்குப் பக்கத்தில் இப்படி ஒருத்தர் இருந்தது அவனுக்குத் தெரியாது. பந்தி விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்லவில்லை. "அதுக்காக நண்டு திங்கணுமா அண்ணே?" என்றான்.

படியேறி வந்துகொண்டிருந்த சித்திதான் பதில் சொன்னார். "யாருடா உன்னைத் திங்கச் சொன்னா? இருபத்தஞ்சாம் தேதி வந்து உட்காரு. நண்டு வேண்டாம்னா சாம்பார் வைக்கிறேன்."